செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்கள்

நடுவர் அவர்களுக்கும் தண்டையார்பேட்டை மக்களுக்கும் வணக்கம். ஒரு சமூக ஊடகச் செய்திப் பக்கம் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு நம்பலாம் என்று சாமானிய மக்களால் எடைபோட முடியும் என்று பேச வந்தவன் நான். குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். எதிரணித் தம்பி ஒன்று சொல்லிவிட்டுப் போனாரே, அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு வேறு பேச்சு வராது.

“காசிமேட்டுக்காரருக்கு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியும். செய்தியின் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியுமா?” என்றார். கைதட்டலும் வாங்கினார்.

தம்பி, நான் காசிமேடு. என் அத்தை எண்ணூர் பெரியகுப்பம். முப்பது வருஷமாகத் தலையில் மீன்கூடை. அவங்க கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்க.

2023 டிசம்பர் 26. மிக்ஜாம் புயல் போய் மூன்று வாரம். எண்ணூர் கழிமுகத்தில் கலந்த எண்ணெயை அள்ளிய கைகளில் பிசுக்கு இன்னும் போகவில்லை. அன்று நள்ளிரவு நெருங்கும் நேரம், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது. அத்தை ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, இரண்டு பேத்திகளையும் இழுத்துக்கொண்டு, யாரோ ஒருவரின் லோடு ஆட்டோவில் ஏறி எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது மணி ஒன்றரை.

அந்த நேரம் எங்கள் தெருவே வாசலில் நிற்கிறது. எல்லார் கையிலும் ஒரே வீடியோ. ஒரு செய்திப் பக்கம் போட்டது. “இப்போது எண்ணூர்” என்று சிவப்பு எழுத்து. நடுரோட்டில் ஆட்கள் சுருண்டு விழுகிறார்கள். வாயு ராயபுரம் நோக்கி வருகிறதாம். தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடக் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் பெரியவரைக் கட்டிலோடு தூக்குகிறார்கள்.

அத்தை அந்த போனை வாங்கினாங்க. கண் எரிச்சலில் தண்ணீராகக் கொட்டுகிறது. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு தடவை பார்த்தாங்க. மறுபடியும் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: “இன்னாடா இது, இங்க மணி ஒன்றரை. அங்க எப்டிடா விடிஞ்சு கீது?”

இன்னொரு தடவை சொல்கிறேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும். நாங்கள் நிற்கும் தெரு கும்மிருட்டு. வீடியோவில் பளீரென்று பகல்! எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. அத்தை கேட்ட பிறகுதான் நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கடைப் பலகையில் தெலுங்கு எழுத்து. 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் நடந்த வாயுக் கசிவு அது. ஐஸில் வைத்திருந்த பழைய மீனை, இன்று காலை பிடித்தது என்று விற்றிருக்கிறார்கள். கட்டிலைக் கீழே இறக்கினோம்.

தம்பி, இதுதானே நீங்கள் கேட்ட செவுள்?

கசிவு நடந்தது உண்மை. அத்தையின் கண்ணே அதற்குச் சாட்சி. அதே ராத்திரி இன்னொரு சின்னப் பக்கம், “பெரியகுப்பம் அருகே கசிவு, மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள், மற்றது இன்னும் உறுதியாகவில்லை” என்று போட்டிருந்தது. உறுதியாகவில்லை என்று எழுதுகிறானே, அவனை நான் நம்புவேன். முதல் பக்கம் மறுநாள் வீடியோவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. தவறு என்று ஒரு வரி கிடையாது. அந்தப் பக்கத்தின் விவரத்தைத் தட்டிப் பார்த்தேன். எப்போது தொடங்கினார்கள், முன்பு என்ன பெயர் என்று பேஸ்புக்கே காட்டுகிறது. முந்தைய வருஷம் வரை அது ஒரு நடிகரின் ரசிகர் பக்கம். நடத்துகிறவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. அச்சுப் பத்திரிகைக்கு 1867-லேயே சட்டம் வந்துவிட்டது, அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் இடமும் ஒவ்வொரு பிரதியிலும் இருந்தாக வேண்டும் என்று. டீக்கடைப் பேப்பரின் கடைசிப் பக்கத்து அடியில் பாருங்கள், இருக்கும்.

சார்பு எல்லாருக்கும் இருக்கிறதே என்றும் தம்பி கேட்டார். இருக்கட்டும். கூடையில் வஞ்சிரம் வைத்திருக்கிறவங்க வஞ்சிரத்தைத்தான் உசத்திப் பேசுவாங்க. அதனால் மீன் கெட்டுப்போனதாகிவிடுமா? சார்பு வேறு, பொய் வேறு. எந்தக் கட்சிக்குச் சாய்கிற பக்கமோ, அந்தக் கட்சி தப்புச் செய்த வாரத்தில் அது என்ன எழுதியது என்று பின்னால் தள்ளிப் பாருங்கள். ஒன்றுமே எழுதாமல் சினிமாச் செய்தியாகப் போட்டிருந்தால், சாய்வு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நடுவர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம், முடிக்கிறேன். எண்ணூருக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான் பழவேற்காடு. 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, ஆதரவில்லாமல் சுற்றித் திரிந்த ஒருவரை அங்கே அடித்தே கொன்றார்கள். பாலத்தில் தொங்கவிட்டார்கள். என் அத்தையின் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. சேதி வந்த அன்று அத்தை கூடையைத் தூக்கவே இல்லை. சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தாங்க. பிறகு என்னிடம் சொன்னாங்க: “அத்தினி பேருல ஒருத்தராவது அந்தாளப் பாத்து, உன் பேரு இன்னா, எந்த ஊருன்னு கேட்டிருக்கலாமேடா. சாப்ட்டியான்னு கேட்டிருக்கலாமே.”

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதோ, இரண்டாவது வரிசையில், பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்காங்க. நடுவர் அவர்களே, இவங்களால் முடியாது என்றுதான் உங்கள் தீர்ப்பு என்றால், அதை அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.