ஸ்பேனரைக் காணோம் என்று சொல்லத் தெரியுமா?

(மதுரையில் பொறியியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். துண்டுச் சீட்டில் நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: விண்வெளித் துறைக்குப் போக எவ்வளவு மார்க் வேண்டும்? மார்க் வேண்டும், கணக்கு வரவேண்டும், சரி. அதைச் சொல்ல நான் எதற்கு? உள்ளே போனபிறகு ஆளை நிற்கவைக்கிற குணம் ஒன்று இருக்கிறது. அதைப் பேசுவோம்.

விமானப் பராமரிப்புக் கூடத்தில் டூல் பாக்ஸைத் திறந்தால், ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே ஃபோமில் பள்ளம் வெட்டியிருக்கும். ஒன்று குறைந்தாலும் காலிப் பள்ளம் பல்லை இளிக்கும். அது கிடைக்கிறவரை விமானத்தை விடமாட்டார்கள். எஞ்சினுக்குள் சின்ன போல்ட் ஒன்று போனாலே பிளேடு சேதமாகிவிடும். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பி நிற்கும்போது, "என் ஸ்பேனரைக் காணோம்" என்று வாய்விட்டுச் சொல்கிற ஆள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். அவரைத் திட்டாத மேலதிகாரியும் வேண்டும்.

1979 ஆகஸ்ட் 10 அன்று இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முறை கிளம்பிக் கடலில் விழுந்தது. தோல்விக்குப் பத்திரிகையாளர்களிடம் அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பதில் சொன்னதையும், மறுவருஷம் ஜெயித்தபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசவிட்டதையும் எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதற்கு முந்தின பாதிதான் முக்கியம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. கசிந்தது போக எரிபொருள் இருப்பு போதும் என்றார்கள் நிபுணர்கள். கலாம் கணினியை மீறி ஏவ முடிவெடுத்தார். இதைப் பிற்காலத்தில் அவரே மேடையேறிச் சொன்னார்.

நாற்பது வருஷம் கழித்து, 2019 ஜூலை 15 அதிகாலை, சந்திரயான்-2. குடியரசுத் தலைவரே ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்திருந்தார். இன்னும் 56 நிமிடம்தான், நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் மந்திரி வந்துவிட்டால் மைக் கரகரத்தாலும் கூட்டத்தை நிறுத்தமாட்டோம்! கோளாறைச் சரிசெய்து ஜூலை 22 அன்று ஏவினார்கள்.

சந்தேகப்பட்டால் மட்டும் போதாது, எழுதிப் பதியவும் வேண்டும். 1999இல் நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று அழிந்தது. ஒரு தரப்பு பவுண்டில் கொடுத்த விசைக் கணக்கை இன்னொரு தரப்பு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. ஏதோ இடிக்கிறது என்று வழிநடத்தும் குழுவில் சிலருக்குத் தோன்றியிருந்தது. ஆனால் முறைப்படி பதிவாகவில்லை, அதனால் யாரும் விடாமல் துரத்திப் பார்க்கவில்லை.

"தமிழ் மீடியத்தில் படித்தேன், பேசத் தயக்கம்" என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது. தங்கச்சி, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். ஆங்கிலம் வேலையில் பழகிவிடும். பயம்தான் சீக்கிரம் போகாது. அதற்கு இங்கேயே பழகவேண்டும். லேபில் ரீடிங் புத்தகத்தில் உள்ளபடி வராவிட்டால் என்ன செய்கிறீர்கள்? பக்கத்து நோட்டைப் பார்த்து மாற்றிவிடுகிறீர்கள். சிரிக்காதீர்கள், பின்வரிசைதான் அதிகம் சிரிக்கிறது. வந்த ரீடிங்கை அப்படியே எழுதுங்கள். ஏன் இப்படி வந்தது என்று சாரிடம் கேளுங்கள். மார்க் ஒன்றிரண்டு குறைந்தால் குறையட்டும்.