ஜாத்தா ஹூனா, ஜாத்தீ ஹூனா? டெல்லித் தமிழரும் பாலின நெகிழ்வும்

[திரையில்: ‘நான் போறேன்’. அதன் கீழே ‘மே ஜாத்தா ஹூன் / மே ஜாத்தீ ஹூன்’]

ஜென்டர் ஃப்ளூயிட், அதாவது பாலின நெகிழ்வு உள்ளவரின் பாலின உணர்வு ஒரே இடத்தில் நிற்காது. சிலருக்கு நாளுக்கு நாள் மாறும், சிலருக்கு வருடக்கணக்கில் மெல்ல நகரும். சில நாள் ஆண், பெண் இரண்டுமே பொருந்தாது. யார் மேல் ஈர்ப்பு என்பது வேறு விஷயம். அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

டெல்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் ‘நான் போறேன்’ என்றால் சொல்பவர் ஆணா பெண்ணா என்று வினை காட்டாது. வாசல் தாண்டி இந்திக்கு மாறியதும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு பக்கம் சாய வேண்டும்: ஆண் என்றால் ‘ஜாத்தா’, பெண் என்றால் ‘ஜாத்தீ’. காலையில் ‘ஜாத்தா’, மாலையில் ‘ஜாத்தீ’ என்றால், ‘மதராஸி இந்தி’ என்று சிரித்துவிட்டுப் போவார்கள். சிலருக்கு அந்தக் கேலியே நல்ல மறைப்பு!

தப்பிக்க இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. ‘முஜே ஜானா ஹை’ (நான் போகணும்) பால் காட்டாது. ‘மைனே சாய் பீ’ (நான் டீ குடிச்சேன்) என்றால் வினை டீயோடு இணங்கும், குடித்தவரோடு அல்ல. மாட்டிக்கொள்வது எதிர்காலத்தில்: ‘போவேன்’ என்பதற்கு ஆண் ஜாவூங்கா, பெண் ஜாவூங்கீ. அங்கே ‘ஹம் ஜாயேங்கே’ (நாங்க போவோம்) கைகொடுக்கும். பீகார்க்காரர்கள் தங்களைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

[திரையில்: வந்தான் / வந்தா / வந்தாங்க]

தமிழில் சிக்கல் படர்க்கையில். ‘அவங்க வந்தாங்க’ பொருந்தும். ஆனால் பேரப்பிள்ளையை அப்படிச் சொல்லப் பாட்டிக்கு வாய் வராது. பெயரைச் சொன்னாலும் வினை காட்டிக்கொடுத்துவிடும். நேரில் ‘கண்ணு’ என்றால் பிரச்சினையே இல்லை. ‘அது’ மட்டும் கூடாது: கைக்குழந்தைக்குச் செல்லம், வளர்ந்தவருக்கு வசவு. எப்படிச் சொல்வது என்று அவரிடமே கேளுங்கள். அடுத்த மாதம் பதில் மாறினால், முன்பு சொன்னது பொய் என்று ஆகாது.

2014-இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில், பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மெட்ரோ சோதனையில் வரிசை என்னவோ ஆண், பெண் என்று இரண்டுதான்.

[திரையில்: பைண்டர், பக்கத்தில் கிரேப் பேண்டேஜ், பேண்டேஜின் மேல் சிவப்புக் குறி]

மார்பு தட்டையாகத் தெரியச் சிலர் பைண்டர் என்ற இறுக்கமான உள்ளாடை அணிவார்கள். 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. பேண்டேஜ் சுற்றுவது ஆபத்து: மூச்சை இழுக்கும்போது நெஞ்சை விரியவிடாது, விலா எலும்பு பாதிக்கப்படும். மே மாத டெல்லி வெயிலில் இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிராவும் தொளதொளச் சட்டையும் போதும். மூச்சு முட்டினாலோ விலாவில் குத்தினாலோ பைண்டரை உடனே கழற்றிவிடுங்கள். வலி நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.