வேலிப் பொட்டு

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு வலிகாமம் வடக்கில் ஒரு வளவுக்குள் நிற்கிறேன். ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன். தாயையும் பிள்ளையையும் காட்டவும் மாட்டேன். உதவி வாங்குகிறவரை அழவைத்துப் படம் பிடிக்கிற காணொளிகள் யாழ்ப்பாணத்தில் பெருகிவிட்டன. எனக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைக்கு நான்கு வயது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போனால் அந்தப் படமும் கூடவே போகும்.

இந்தத் தாயை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். 1990இல் போரால் இந்தப் பக்கம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது தங்கச்சியின் பெற்றோர் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனார்கள். இவர் பிறந்ததே மண்டபம் அகதி முகாமில்தான். கணவர் இறந்தபிறகு, பேத்தியாரின், அதாவது பாட்டியின், காணி உறுதியையும் பிள்ளையையும் கொண்டு வந்து சேர்ந்தார். "அங்கே சிலோன்காரி, இங்கே இந்தியாக்காரி அண்ணா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்தக் கிணற்றைப் பாருங்கள். சனசமூக நிலையப் பிள்ளைகள் ஒரே காலையில் கலக்கி இறைத்துவிட்டார்கள். கொட்டிலுக்குத் தகரமும் அவர்கள் சேர்த்ததுதான்.

நான் காட்ட வந்தது இதை. இந்த வேலிப் பொட்டு. புலத்தில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், பக்கத்து வளவுக்குப் போய்வர வேலியில் விடுகிற இடைவெளிதான் பொட்டு. தங்கச்சி வந்த மறுநாளே பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு நட்ட இரண்டு கதியாலைப் பிடுங்கி இதைத் திறந்தாராம். பிள்ளை அவரை "அத்தை" என்று கூப்பிட, அவர் "மாமி என்று சொல்லு ராசா" என்று திருத்துவார். ஏன் அம்மா இவ்வளவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். 1995 ஒக்ரோபர் கடைசியில், கொட்டுகிற மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போனபோது, முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துக் கொடுத்தாராம். "நானும் கைக்குழந்தையோடு நின்றவள் தம்பி" என்றார்.

பிள்ளை இந்தியாவில் பிறந்தபடியால் இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் எடுக்கவேண்டும். விண்ணப்பங்களை ஊரிலுள்ள ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் காசு வாங்காமல் நிரப்பிக் கொடுக்கிறார். பால்மா வாங்கிக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறோம். ஆனால் இந்தக் கடதாசிகளோடு கந்தோருக்குக் கூடப்போய் நிற்க ஆள் இல்லை. உங்கள் ஊரிலும் இப்படித் திரும்பி வந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போங்கள்.

தங்கச்சிக்குத் தையல் தெரியும். மாமி வீட்டுப் பழைய மெஷினில்தான் இப்போது தைக்கிறார். அவருக்கென்று ஒரு மெஷின் வாங்க நிலையத்தில் காசு சேர்க்கிறார்கள். கொடுக்க நினைப்பவர்கள் அங்கேயே கொடுங்கள், என்னிடம் வேண்டாம்.

நேற்றுப் பின்னேரம் மாமி ஒரு கிண்ணத்தில் ஒடியற்கூழ் கொடுத்துவிட்டார். கழுவின கிண்ணத்தை வெறுமையாக அனுப்பத் தங்கச்சிக்கு மனம் வரவில்லை. தன் வளவு முருங்கையில் ஒரு பிடி இலை ஒடித்து, அதற்குள் வைத்துப் பிள்ளையிடம் கொடுத்தார். இந்தப் பொட்டுக்குள் நான் குனிந்துதான் போகவேண்டும். அவன் நிமிர்ந்தபடியே ஓடினான்.

சத்தம் கேட்கிறதா? அவன்தான் வருகிறான். கமராவை நிறுத்துகிறேன் உறவுகளே.