லாவோகூனின் வலது கை

நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கையில் காபி டம்ளர் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். வலது கையை நேராக மேலே தூக்குங்கள், பரண் மேல் இருக்கிற டப்பாவை எட்டி எடுப்பதுபோல. ஆயிற்றா? இப்போது முழங்கையை மடக்கி, கையைப் பிடரிப் பக்கம் கொண்டுபோங்கள். முதுகில் அரித்தால் எட்டிச் சொறியப் பார்ப்போமே, அப்படி. அவ்வளவுதான், இறக்கிவிடலாம். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் ஐரோப்பியக் கலையுலகம் ஏறத்தாழ 400 ஆண்டுகள் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு என்னவோ பெரியது. ஐரோப்பியக் கலையில் காவியக் காட்சிகள். கிரேக்கக் கவி ஹோமரின் இலியட், ஒடிசி, ரோமானியக் கவி வர்ஜிலின் ஈனியட், இந்த மூன்றிலிருந்தும் எடுத்து 2,500 ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் ஜாடியில் தீட்டினார்கள், கல்லில் செதுக்கினார்கள், திரைச்சீலையில் வரைந்தார்கள். நான் மூன்றே மூன்று காட்சிகளைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கொடுத்திருக்கும் நேரம் 12 நிமிடம். பார்ப்போம்.

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தவன். இளம் வயதில், மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால், அங்கே ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். அட்டை கிடையாது, முதல் இருபது பக்கம் கிடையாது. உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தாடி வைத்த ஒரு மனிதர், இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள், மூன்று பேரையும் சுற்றிப் பின்னிக்கிடக்கிற இரண்டு பாம்புகள். அந்த மனிதரின் வலது கை நேராக மேலே நீண்டு பாம்பை உதறித் தள்ளுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து நூறு தடவையாவது வரைந்திருப்பேன். இருபது வருஷம் கழித்து வேறொரு புத்தகத்தில் அதே சிலை. அதே முகம், அதே பாம்பு. ஆனால் கை மடங்கியிருக்கிறது! அச்சுப்பிழை என்று நினைத்தேன். கைக்கு எப்படி ஐயா அச்சுப்பிழை வரும்?

அது ட்ராய் நகரத்துப் பூசாரி லாவோகூன், ஈனியட்டின் இரண்டாம் காண்டத்தில் வருகிறவர். இதுதான் முதல் காட்சி. மரக்குதிரைக் கதை உங்களுக்குத் தெரியும். கிரேக்கர்கள் முற்றுகையை விட்டுப் போவதுபோலப் போக்குக்காட்டி, கடற்கரையில் ஒரு பெரிய மரக்குதிரையை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊர் மக்கள் அதை உள்ளே இழுத்துவரத் துடிக்கிறார்கள். வேண்டாம் என்று கத்துகிற ஆள் இவர்தான். கிரேக்கர்கள் பரிசு கொண்டுவந்தாலும் எனக்குப் பயம் என்று சொல்லி, ஈட்டியை எடுத்துக் குதிரையின் விலாவில் எறிகிறார். உள்ளே வெற்றிடம் என்பது சத்தத்திலேயே கேட்கிறது. கேட்டும் யாரும் கேட்கவில்லை. பிறகு அவர் பலிபீடத்தில் காளையை வெட்டிக்கொண்டிருக்கும்போது, டெனெடோஸ் தீவுப் பக்கத்திலிருந்து இரண்டு பாம்புகள் கடலைக் கிழித்துக்கொண்டு வருகின்றன. முதலில் பிள்ளைகளைப் பிடிக்கின்றன. காப்பாற்ற ஓடிவரும் தகப்பனை அடுத்ததாக. வர்ஜில் சொல்வதைக் கவனியுங்கள்: கோடரி சரியாக விழாமல் காயத்தோடு தப்பி ஓடுகிற காளை எப்படி அலறுமோ, அப்படி அலறினாராம். காளையை வெட்டிக்கொண்டிருந்தவர் காளையாகிவிட்டார். ஊர் என்ன நினைத்தது? குதிரை மேல் ஈட்டி எறிந்த பாவத்துக்குத் தண்டனை என்று நினைத்தது. குதிரை உள்ளே போனது, வயிற்றில் ஒளிந்திருந்த கிரேக்க வீரர்களோடு. மீதி தெரிந்ததுதான்.

அந்தச் சிலை மண்ணிலிருந்து வெளியே வந்த தேதியே நம்மிடம் இருக்கிறது. 1506 ஜனவரி 14. ரோமில் எஸ்குவிலின் குன்றில் ஒரு திராட்சைத் தோட்டம், தோண்டும்போது ஏதோ தட்டுப்படுகிறது. போப் இரண்டாம் ஜூலியஸுக்குச் செய்தி போகிறது. போய்ப் பார்த்துவிட்டு வா என்று கட்டடக் கலைஞர் ஜூலியானோ த சங்காலோவை அனுப்புகிறார். அவர் வீட்டில் அப்போது உட்கார்ந்திருந்தவர் மைக்கேலாஞ்சலோ. வாருங்கள் நீங்களும் என்று கிளம்புகிறார்கள். ஜூலியானோவின் சின்னப் பையன் ஃபிரான்செஸ்கோவும் அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு தொற்றிக்கொள்கிறான். இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அந்தப் பையன் கிழவனான பிறகு, 1567இல், கடிதமாக எழுதி வைத்தார். குழியில் இறங்கிப் பார்த்ததும் அப்பா சொன்னாராம், இது பிளினி எழுதியிருக்கிற லாவோகூன் என்று. பிளினி கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியர்; ரோமானியப் பேரரசர் டைட்டஸின் மாளிகையில் இந்தச் சிலை இருந்ததையும், ரோட்ஸ் தீவுச் சிற்பிகள் மூன்று பேர் செய்ததையும் எழுதியவர். ஒரே கல் என்றும் எழுதினார், அது மட்டும் தப்பு. பல துண்டுகள். பார்த்துவிட்டுச் சாப்பிடத் திரும்பினோம், சாப்பிடும்போதும் பழைய சிலைகளைப் பற்றியே பேச்சு என்று முடிக்கிறார் ஃபிரான்செஸ்கோ. எனக்கு அந்தச் சாப்பாடு வரிதான் ரொம்பப் பிடிக்கும்.

சரி, கைக்கு வருவோம். சிலை கிடைத்தது, ஆனால் தகப்பனின் வலது கை இல்லை. எப்படி இருந்திருக்கும்? மடங்கித் தோளுக்குப் பின்னால் போயிருக்கும் என்பது மைக்கேலாஞ்சலோ கட்சி என்று சொல்வார்கள். மற்றவர்கள் நீட்டிய கை கட்சி. வீரன் என்றால் கை நீட்டித்தானே இருக்க வேண்டும்? 1530களில் மோந்தோர்சோலி என்ற சிற்பி நீட்டிய கையைச் செய்து ஒட்டினார். அதுவே நிலைத்தது. படி எடுத்தவர்கள் எல்லாம் அந்தக் கையோடே எடுத்தார்கள். நெப்போலியன் காலத்தில் சிலையைப் பாரிஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவர் வீழ்ந்த பிறகு திரும்பி வந்தது. மூர் மார்க்கெட்டில் நான் வாங்கியதும் அந்த நீட்டிய கைதான்.

இப்போது மறுபடி கையை நேராகத் தூக்குங்கள். உடம்பு என்ன சொல்கிறது? விடமாட்டேன் என்கிறது. மடக்குங்கள். விலா திறந்துகொள்கிறது, தோள் இழுபடுகிறது, இழுப்பது நீங்கள் இல்லை, பாம்பு. ஒரு கைதான் மாறியது, நேயர்களே. சண்டை போடுகிற ஆள் தோற்றுக்கொண்டிருக்கிற ஆளாகிவிட்டார். 

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் பொல்லாக் என்பவர், பிராகில் பிறந்த யூதர், ரோமில் பழம்பொருள் வியாபாரம் செய்துகொண்டிருந்த பெரிய படிப்பாளி, ஒரு கல்தச்சர் பட்டறையில் ஒரு பளிங்குக் கையைப் பார்த்தார். மடங்கிய கை. சிலை கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பட்டறை. வாங்கி வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர்கள் வாங்கிச் சரக்கறையில் வைத்தார்கள். அரை நூற்றாண்டு அங்கேயே கிடந்தது. 1957இல்தான் இது அந்தச் சிலையின் கையேதான் என்று முடிவு செய்து, பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினார்கள். பொல்லாக் பார்க்கவில்லை. 1943 அக்டோபர் 16, ரோமில் நாஜிகள் யூதர்களைப் பிடித்த நாள். அவரையும் அவர் குடும்பத்தையும் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேரம் ஓடுகிறது. ஆனாலும் வாயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காவியத்தில் லாவோகூன் காளைபோல அலறுகிறார் என்றேன். சிலையில் அலறவில்லை. வாய் பாதிதான் திறந்திருக்கிறது, பெருமூச்சு விடுகிற அளவுக்கு. ஏன்? ஜெர்மானியர்கள் இதற்காகவே பக்கம் பக்கமாக எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள். வின்கெல்மன் 1755இல், அது கிரேக்கர்களின் பெருந்தன்மை, வலியை அடக்கிக்கொள்கிற உள்ளம் என்றார். லெஸ்ஸிங் 1766இல், அதெல்லாம் கிடையாது, ஹோமரின் வீரர்கள் அடிபட்டால் கத்தத்தான் செய்கிறார்கள், இது சிற்பத்தின் கட்டாயம் என்றார். கவிதையில் அலறல் ஒரு வரி, வாசித்துவிட்டுத் தாண்டிப் போகலாம். கல்லில் திறந்த வாய் திறந்தபடியே இருக்கும். நமக்கு இது புரியாததா? கச்சேரியில் பாடகர் உச்சஸ்தாயியில் நிற்கும் நொடியில் பத்திரிகைக்காரர் படம் பிடித்து, மறுநாள் அதைப் போட்டுவிடுகிறாரே! கேட்டவனுக்கு அமிர்தம். படத்தில் பார்ப்பவனுக்குப் பல்வலி. நான் லெஸ்ஸிங் கட்சி. ஆக, காவியத்தில் பத்துப் பதினைந்து வரி ஓடுகிற சம்பவத்தில் எந்த நொடியைப் பிடிப்பது என்பதுதான் சிற்பியின் தலைவலி. பிள்ளைகள் முதலில், தகப்பன் பிறகு என்று வரிசையாகச் சொல்கிறார் வர்ஜில். சிற்பத்தில் மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிக்கியிருக்கிறார்கள்.

இரண்டாவது காட்சி. அதே ஈனியட், அதே இரண்டாம் காண்டம். ட்ராய் எரிகிறது, அந்த ஊர் வீரன் ஈனியாஸ் தப்பிக்கிறான். திருவிழாவில் அப்பா தோளில் பிள்ளை ஏறிச் சாமி பார்ப்பது நமக்குப் பழக்கம். இங்கே பிள்ளை தோளில் அப்பா. கிழவர் ஆன்கைசீஸ் நடக்க முடியாதவர். வீட்டுத் தெய்வங்களை அவர் கையில் கொடுக்கிறான் மகன். ஏன் அவர் கையில்? தன் கையில் போர் ரத்தம், ஓடும் தண்ணீரில் கழுவாமல் தெய்வத்தைத் தொடக்கூடாது. தீட்டு என்றால் நமக்கு விளக்கம் வேண்டாம்.

பெர்னினி இதை 1618-19இல் செதுக்கினார், ரோமில் போர்கேசே மாளிகையில் இருக்கிறது. அப்போது அவருக்கு இருபது வயதுதான். கோபுரம்போல ஒருவர் மேல் ஒருவர்: கீழே பின்னால் குழந்தை அஸ்கானியஸ் கையில் நெருப்போடு, நடுவில் ஈனியாஸ், மேலே கிழவர் கையில் தெய்வங்கள். கிழவரின் தோல் தொங்குகிறது, குழந்தையின் உடம்பில் கொழுப்பு மடிகிறது, இரண்டும் ஒரே பளிங்கு! வர்ஜிலில் குழந்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டுப் போட முடியாமல் குட்டி அடி வைத்து ஓடிவருகிறது. அது பெர்னினியில் இல்லை. இன்னொருவரும் இல்லை. ஈனியாஸின் மனைவி கிரெயூசா. பின்னால் தள்ளி வா என்று அவளிடம் சொல்கிறான், திரும்பிப் பார்த்தால் காணோம். அவளைத் தேடி எரிகிற ஊருக்குள்ளேயே மறுபடி ஓடுகிறான். அவள் ஆவியாக வந்து நிற்கிறாள், மூன்று முறை அணைக்கப் போகிறான், மூன்று முறையும் கைக்குள் காற்று. அதே போர்கேசே மாளிகையில் பரோச்சி 1598இல் வரைந்த ஓவியம் இருக்கிறது. அதில் கிரெயூசா இருக்கிறாள், ஓரத்தில், பின்தங்கி. அங்கே போகிறவர்கள் யாராவது இருந்தால் சிற்பத்தைப் பார்த்த கையோடு அதையும் தேடிப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். வெற்றி என்ற அர்த்தத்தில் இல்லை. லாவோகூன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டார்.

மூன்றாவது காட்சிதான் நான் நிறையப் பேச நினைத்தது. வேகமாகச் சொல்கிறேன். இலியட், 24ஆம் காண்டம், கடைசி. கிரேக்க வீரன் அக்கிலீஸ், ட்ராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்று, பிணத்தைத் தேரில் கட்டி இழுத்தவன். ஹெக்டரின் தகப்பன், கிழட்டு அரசன் பிரையம், ராத்திரியில் எதிரியின் பாசறைக்குள் போகிறான். போய், தன் பிள்ளைகளைக் கொன்ற கையைப் பிடித்து முத்தமிடுகிறான். உன் அப்பாவை நினைத்துக்கொள், அவருக்கும் என் வயதுதான் என்கிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள், ஒருவன் மகனுக்காக, ஒருவன் தன் அப்பாவுக்காகவும் ஹெக்டர் கையால் செத்த நண்பனுக்காகவும்.

1920இல் டென்மார்க்கில் லோலண்ட் தீவில், ஹோபி என்ற ஊரில், ஒரு தலைவனின் கல்லறையில் இரண்டு வெள்ளிக் கிண்ணங்கள் கிடைத்தன. ரோமானிய வேலைப்பாடு, கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம். ஒன்றில் இந்தக் காட்சி: பிரையம் மண்டியிட்டு அக்கிலீஸின் கையை உதட்டுக்குக் கொண்டுபோகிறான். ரோமானிய எல்லைக்கு அப்பால், அவ்வளவு வடக்கே, அந்தத் தலைவன் அந்தக் கிண்ணத்தில் குடித்திருக்கலாம். ஹோமர் யார் என்றே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிழவன் ஒருவன் இளைஞனின் கையை முத்தமிடுகிறான் என்று தெரிந்திருக்கும். அந்த வெள்ளிப் பிரையத்தின் முதுகு எப்படி வளைந்திருக்கிறது என்றால்... 

இல்லை, ஒரு விரல் காட்டிவிட்டார்கள். கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படம் எளிதாகக் கிடைக்கும். பேரப்பிள்ளைகளிடம் போனில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வணக்கம்.