கம்பி முடியும் இடத்தில்

நேயர்களுக்கு வணக்கம்.

இசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுகிற வட்ட வில்லை, வெல்டிங் பட்டறையில் எரிந்து குறைந்துகொண்டே வரும் ராடு, இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியில் செருகுகிற பட்டை, கைப்பேசி பேட்டரிக்குள் சுருட்டி வைக்கப்பட்ட மெல்லிய தகடுகள். பார்வைக்கு ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இந்த நான்கும் மின்வாய்களால்தான், அதாவது எலக்ட்ரோடுகளால்தான், வேலை செய்கின்றன. அந்த மின்வாய்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கம்பிக்குள் ஓடுபவை எலக்ட்ரான்கள். உப்புநீரிலோ பேட்டரிக் கரைசலிலோ நம் உடம்பிலோ எலக்ட்ரான்கள் அப்படித் தனியாக ஓடுவதில்லை. அங்கே மின்னேற்றத்தைச் சுமப்பவை சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற அயனிகள். நாட்டு எல்லையைத் தாண்டுபவர் கையிலிருக்கும் நாணயத்தை மாற்றிக்கொள்வதைப் போல, கம்பியிலிருந்து நீருக்குள் இறங்கும் மின்னோட்டமும் ஓரிடத்தில் தன்னை மாற்றிக்கொண்டாக வேண்டும். அந்த இடம்தான் மின்வாயின் மேற்பரப்பு. அங்கே ஒரு வேதிவினை நடக்கும், அல்லது இரு பக்கமும் மின்னேற்றம் திரண்டு கலையும். மின்வாய் நன்றாக வேலை செய்வதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த மேற்பரப்பைப் பொறுத்ததுதான்.

1800-இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா முதல் பேட்டரியான தன் மின் அடுக்கை அறிவித்த அதே ஆண்டில், இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் அப்படி ஓர் அடுக்கின் கம்பிகளை நீருக்குள் விட்டுப் பார்த்தார்கள். ஒரு முனையில் ஹைட்ரஜன், மறுமுனையில் ஆக்சிஜன். ஏழு ஆண்டுகளில் ஹம்ஃப்ரி டேவி, அதுவரை யாரும் தனியே பார்த்திராத பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இதே வழியில் பிரித்தெடுத்துவிட்டார். வேதியியலுக்குள் மின்சாரம் புகுந்தது மின்வாய்கள் வழியாகத்தான்.

மருத்துவத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் வில்லம் ஐந்தோவன் இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்தபோது, நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டியிருந்தது. அந்தத் தொட்டிகள்தான் மின்வாய்கள். அவருக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று அந்தத் தொட்டி ஒரு சிறிய வில்லையாகச் சுருங்கிவிட்டது. அதைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஈரமான ஜெல் இருக்கும். அதில் குளோரைடு உப்பு கலந்திருக்கிறது. ஜெல்லுக்கு மேல் வெள்ளி. வெள்ளியின் மேல் வெள்ளி குளோரைடு படலம். இதயத்தின் மின்குறி தோலை எட்டும்போது ஒரு மில்லிவோல்ட் அளவுதான் இருக்கும். வெறும் உலோகத்தை ஒட்டினால், உலோகத்துக்கும் ஈரத்துக்கும் இடையே தோன்றும் மின்னழுத்தம் நிலையில்லாமல் ஆடி அந்தச் சிறு குறியை விழுங்கிவிடும். வெள்ளி குளோரைடு எந்தத் திசையிலும் தடையின்றி வினைபுரிவதால் அந்த ஆட்டம் அடங்குகிறது.

தோலின் வெளியடுக்கு உயிரற்ற, காய்ந்த செல்களால் ஆனது. மின்சாரத்தை எளிதில் விடாது. செவிலியர் ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைப்பதும், முடி இருந்தால் மழிப்பதும் இதற்காகத்தான். அந்த ஒரு நிமிட வேலையை அவசரத்தில் விட்டுவிட்டால் கோடு நடுங்கும். வலது கைக் கம்பியும் இடது கைக் கம்பியும் மாறிப்போனால் முதல் பதிவு தலைகீழாகவே வரும். நலமாக இருப்பவர் நோயாளியாகத் தெரிவார். மொத்தம் பத்து மின்வாய்கள், பன்னிரண்டு பதிவுகள். எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும், அதன் நம்பகத்தன்மை அவற்றை ஒட்டுகிற கையில் தொடங்குகிறது.

கேட்பதற்கு மட்டுமல்லாமல், உடம்போடு பேசுவதற்கும் மின்வாய் பயன்படுகிறது. 1958-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதன்முதலாக, இதயத் துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்தினார்கள். அந்த முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனால் ஒன்று மாற்றி ஒன்றாக 26 கருவிகளோடு அவர் 2001 வரை வாழ்ந்தார். இதயத்தைத் தொடும் மின்வாயைச் சுற்றி உடல் தழும்புத் திசுவை வளர்க்கும். தழும்பு தடிக்கத் தடிக்க துடிப்பைத் தூண்டக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். அதனால் இப்போது அந்த நுனியிலிருந்தே ஸ்டீராய்டு மருந்து துளித்துளியாகக் கசியும்படி செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

கேட்கும் திறனை இழந்தவரின் உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் இன்னும் வியப்பானது. நலமான ஒரு காதில் ஒலியை நரம்புக்கு அனுப்பும் வேலையில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் பங்கேற்கின்றன. அவை அழிந்த காதில், பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வரையிலான மின்வாய்களே நேராக நரம்பைத் தூண்டுகின்றன. அதை வைத்துக்கொண்டே மூளை பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்கிறது.

ஆய்வகத்தில் அமிலத்தன்மை பார்க்கும் கண்ணாடி மின்வாய் 1909-இலேயே வந்துவிட்டது. 1962-இல் லேலண்ட் கிளார்க் ஒரு மின்வாயின் முகத்தில் குளுக்கோசை மட்டும் தேடிப்பிடிக்கும் நொதியைப் பொருத்தலாம் என்று காட்டினார். இன்று வீட்டில் ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் பட்டை அந்த எண்ணத்தின் வழிவந்ததுதான்.

இனி தொழிற்சாலை. வெல்டிங் ராடில் உள்ளே இருப்பது கம்பி. மேலே பூசியிருப்பது ஃபிளக்ஸ். உருகிய இரும்பில் காற்றின் ஆக்சிஜனும் நைட்ரஜனும் புகுந்தால் இணைப்பு நொறுங்கும். ஃபிளக்ஸ் எரிந்து வாயுத் திரையை எழுப்புகிறது. கசடாகப் படிந்து, ஆறும் உலோகத்தை மூடுகிறது. சுத்தியலால் தட்டி உதிர்ப்பது அந்தக் கசடைத்தான். ராடில் ஈரம் ஏறியிருந்தால் நீரிலுள்ள ஹைட்ரஜன் இரும்புக்குள் போய்விடும். பற்றவைத்த அன்று இணைப்பு நன்றாகத்தான் தெரியும். விரிசல் பிறகு விழலாம். பாலமும் கொதிகலனும் கட்டுகிறவர்கள் ராடை அடுப்பில் சூடாக வைத்து எடுப்பது இதனால்தான். இது வீண் கெடுபிடி என்று நினைப்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அளவில் மின்வாய் உழைக்கும் இடங்களில் ஒன்று அலுமினிய ஆலை. 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினாவை உருக்க 2000 டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும். கிரையோலைட் என்ற கனிமத்தை உருக்கி அதில் கரைத்தால் சுமார் 960 டிகிரி செல்சியஸ் போதும். அதில் மின்சாரம் செலுத்தினால் அடியில் அலுமினியம் சேரும். மேலே இருக்கும் கார்பன் நேர்மின்வாய், அலுமினாவின் ஆக்சிஜனைத் தானே பிடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக எரிந்து போகும். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 400 கிலோ கார்பன் இப்படிக் கரைகிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை அந்தக் கட்டிகளை மாற்றியாக வேண்டும்.

எரியாத மின்வாயை வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைத்தால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜன் வெளிவரும். ஆனால் உருகிய கிரையோலைட் ஆக்சைடுகளைக் கரைப்பதில் வல்லது. எந்த மின்வாயை இறக்கினாலும் அதன் மேற்பரப்பை அரிக்கத் தொடங்கும், அரித்தது அலுமினியத்தில் கலந்து அதன் தூய்மையைக் கெடுக்கும். தவிர, எரியும் கார்பன் தன் பங்குக்குத் தரும் ஆற்றல் இல்லாமல் போவதால், அலுமினாவைப் பிரிக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். சில உலோகக் கலவைகளையும் பீங்கான் கலவைகளையும் வைத்து ஆய்வாளர்கள் முயன்றுவருகிறார்கள். அலுமினியத் தொழில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை இவ்வளவு நேரடியாகக் குறைக்கக்கூடிய மாற்றம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அந்த முயற்சி கைகூட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

நன்றி, வணக்கம்.