உப்பு குடியிருக்கும் துரு

நண்பர்களே, வணக்கம்.

என் வீட்டு கேட்டிலிருந்தே தொடங்குகிறேன். வீடு கடலுக்கு நடந்து போகிற தூரம். போன வருஷம் கேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதற்கு மேல் பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம். பெயின்டரைக் குறை சொல்ல முடியாது, நானே கூட நின்றேன். மழைக்காலம் முடிவதற்குள் கேட் முழுக்கக் கொப்புளம். விரலால் அழுத்தினால் உள்ளே ஈரப் பிசுபிசுப்போடு ஆரஞ்சுப் பொடி. கூத்து என்னவென்றால், காவலுக்குப் பூசிய ரெட் ஆக்சைடும் ஓர் இரும்பு ஆக்சைடுதான். ஹேமடைட் என்று பெயர். உள்ளே இருந்ததும் அதே குடும்பம். ஒன்று காவல்காரன், மற்றது கன்னக்கோல்காரன்.

துரு என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோமே தவிர, அதில் பல ரகம் உண்டு. எந்த ரகம் பிறக்கும் என்பதை இரும்பு தனியாக முடிவு செய்வதில்லை. தண்ணீரின் அமிலத்தன்மை, கிடைக்கிற ஆக்சிஜன், கூடவே அந்தத் தண்ணீரில் வேறு யார் கரைந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அப்படிக் கரைந்திருக்கும் விருந்தாளிகளில் குளோரைடைப் பற்றித்தான் இன்று பேச்சு. கடல் உப்பு தண்ணீரில் கரையும்போது பிரிந்து வருகிற, எதிர்மின்னூட்டம் கொண்ட துகள் அது.

ஃபெரிக் குளோரைடு என்பது இரும்பும் குளோரைடும் சேர்ந்த ஓர் உப்பு. அதைத் தண்ணீரில் கரைத்து, மூடி, 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு நாள் வையுங்கள். அடியில் மஞ்சள் கலந்த பழுப்புப் பொடி படியும். அது அககனேயிட் என்ற துரு ரகம். ஜப்பானில் இவாத்தே மாகாணத்தில் உள்ள அககனே சுரங்கத்தின் பெயர் அது. 1962இல் முறைப்படி விவரிக்கப்பட்டது. சாதாரணத் துருவில் நிறைய இருக்கும் கோதைட்டுக்கும் இதற்கும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான்: இரும்பு, ஆக்சிஜன், ஹைட்ரஜன். அடுக்கிய விதம்தான் வேறு. அககனேயிட்டுக்குள் அரை நானோமீட்டர் அகலத்தில் சுரங்கப் பாதைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அந்தப் பாதைகளில் குளோரைடு உட்கார்ந்திருக்கிறது.

வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம் இல்லையா? குளோரைடு அந்தச் சாரம் மாதிரி. அது நடுவில் நின்று தாங்கினால்தான் இந்த அமைப்பு எழும்புகிறது. நாம் வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவோம். இங்கே சாரம் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அமிலம் குறைந்த, நடுநிலையான தண்ணீரில் கதை வேறு. இரும்பும் குளோரைடும் சேர்ந்த இன்னொரு உப்பான ஃபெரஸ் குளோரைடில் மெல்லக் காற்றுப் படும்போது முதலில் நீலப்பச்சையாக ஒன்று உருவாகும். பச்சைத் துரு என்றே அதற்குப் பெயர். அதன் அடுக்குகளுக்கு நடுவிலும் குளோரைடு இருக்கும். அப்புறம் அது லெப்பிடோக்ரோசைட் என்ற இன்னொரு துரு ரகமாக மாறும். அதே தண்ணீரில் கார்பனேட் சேர்ந்திருந்தால் கோதைட் பக்கம் சாயும்.

ஆக, அககனேயிட்டைப் பார்த்தால் அங்கே உப்பு மிகுந்த தண்ணீர் இருந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி 2013இல் துளையிட்ட சேற்றுப்பாறையிலும் இது கிடைத்தது.

சரி, இனி ஒரு கப்பல். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் புரூனல் என்ற பொறியாளர் வடிவமைத்த ‘கிரேட் பிரிட்டன்’ 1843இல் தண்ணீரில் இறங்கியது. இரும்பு உடல், கிட்டத்தட்ட 98 மீட்டர் நீளம். ஓடி ஓய்ந்து, 1937இல் ஃபாக்லாந்து தீவுகளில் ஒரு சிறு குடாவில் மூழ்கவிடப்பட்டது. 1970இல் மிதக்கவைத்து, பிறந்த அதே துறைக்கே இழுத்து வந்தார்கள். கடல் தின்றது போக மீதியைக் காப்பாற்றியாயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கரையேறிய பிறகுதான் ஆபத்தே.

கடலில் இரும்பு அரிக்கும்போது இரும்பு அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய இரும்பு அணுக்கள், நேர்மின்னூட்டத்தோடு கரைகின்றன. அதைச் சமன்செய்ய, எதிர்மின்னூட்டம் உள்ள குளோரைடு துருவின் இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. உலோகத்தை ஒட்டி அடர்த்தியான ஃபெரஸ் குளோரைடு சேர்கிறது. வெளியே எடுத்து உலரவைத்தால் துருவில் விரிசல் விழும், ஆக்சிஜன் நுழையும். நாலு பங்கு ஃபெரஸ் குளோரைடு ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து நாலு பங்கு துருவாகி, எட்டுப் பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம் மறுபடி இரும்பைக் கடித்தால் மறுபடி ஃபெரஸ் குளோரைடு. குளோரைடில் கொஞ்சம் அககனேயிட்டின் சுரங்கத்துக்குள் போய்விடும், மற்றபடி அது செலவாவதே இல்லை. முதல் குறையாத வட்டிக்கடை! பிறக்கிற அககனேயிட்டுக்கு அதிக இடமும் வேண்டும். அதனால் மேலே உள்ள துருவை நெட்டித் தள்ளி, செதில் செதிலாக உரிக்கிறது. என் கேட்டில் கொப்புளம் ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறதா? உப்பை உள்ளே வைத்து மூடிப் பெயின்ட் அடித்திருக்கிறேன்.

98 மீட்டர் கப்பலைத் தொட்டியில் போட்டு அலச முடியாது. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரும்புத் தூளையும் அககனேயிட்டையும் கலந்து வைத்து, எவ்வளவு ஈரக்காற்று இருந்தால் அரிப்பு நடக்கிறது என்று பார்த்தார்கள். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அரிப்பு ஏறக்குறைய அடங்குகிறது. சென்னைக் காற்றில் 70 சர்வசாதாரணம், பாலைவனத்தில்தான் 20. அதனால் கப்பலின் நீர்மட்டத்தில் சுற்றிலும் கண்ணாடித் தளம் போட்டு, அதன்மேல் மெல்லியதாகத் தண்ணீர் ஓடவிட்டு, கீழே உலர்காற்றைச் செலுத்துகிறார்கள். 2005இலிருந்து இந்த ஏற்பாடு. மேலிருந்து பார்த்தால் கப்பல் கடலில் மிதப்பதாகத் தோன்றும். கீழே பாலைவனம்.

சிறிய பொருளானால் வேறு வழி இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், எதிரிக் கப்பலை மூழ்கடித்துத் தானும் மூழ்கிய ‘ஹன்லி’ நீர்மூழ்கியை 2000இல் தூக்கினார்கள். 12 மீட்டர்தான் நீளம். முதலில் குளிர்ந்த நன்னீரிலேயே வைத்திருந்தார்கள், உலரவிடவில்லை. 2014இல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறப்போட்டார்கள். காரக் கரைசலில் ஹைட்ராக்சைடு, குளோரைடின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளும். ஒரே முறையில் முடிகிற வேலை இல்லை. வெளியே வந்த உப்போடு கரைசலை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும், வருஷக்கணக்கில். இடையிடையே தொட்டியை வடித்து, பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்குகிறார்கள். கையில் சிறு உளியோடு, இரும்பின்மேல் கல்லாக இறுகிய கடல்மண்ணைப் பெயர்த்தெடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் மறுபடி கரைசலை நிரப்பி மூடுகிறார்கள்.