தேதி போட்ட சரக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்தால் ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடிப் பலகை ஏறிவிடுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆடியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. கல்யாணம் இல்லையென்றால் முகூர்த்தப் பட்டு இல்லை, சம்பந்தி வீட்டாருக்கு எடுக்கும் வேட்டி சேலை இல்லை. கடை ஈயோட்டும். அடுத்து வருவது தீபாவளி. அதற்கான சரக்கு ஆவணியிலிருந்தே வந்து இறங்கும். இறக்கி வைக்க அலமாரியில் இடம் வேண்டும், வாங்குவதற்குக் கையில் பணம் வேண்டும். இந்த இரண்டுக்கும் வழிசெய்வதுதான் ஆடித் தள்ளுபடி. கடைக்காரருக்கு உங்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டதாக யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

நான் ஜவுளிக் கொள்முதலிலேயே காலம் கழித்தவன். ஈரோட்டுச் சந்தை, இளம்பிள்ளை, திருப்பூர், சூரத் என்று அலைந்து சரக்கு எடுத்தவன். அந்தப் பழக்கத்தில் இன்று பேச வந்திருப்பது ஆயுள் குறைந்த சரக்கைப் பற்றி. எதை எவ்வளவு வாங்குவது, எப்போது விலையைக் குறைப்பது? கேள்வி இவ்வளவுதான். இதில் கெட்ட கடைகளும் உண்டு, இதிலேயே தழைத்த கடைகளும் உண்டு.

ஆயுள் என்றேன். மல்லிகைக்கு ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. காலையில் மொட்டாக வருவது இரவில் விரிந்துவிடும். நாளிதழுக்கு மதியம் வரை. தீபாவளிக்கென்று புது மோஸ்தரில் வரும் செயற்கை இழைச் சேலைக்கு ஏறக்குறைய மூன்று மாதம். காஞ்சிபுரம் பட்டு இந்தக் கணக்கில் சேராது. இந்த ஆண்டு போகாவிட்டாலும் அடுத்த தையில் போய்விடும். ஆனால் சென்ற தீபாவளிக்கு எல்லோரும் கேட்டு வந்த டிசைனை இந்தத் தீபாவளிக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கள், புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். துணி கெடவில்லை, சாயம் போகவில்லை. காலம் போய்விட்டது.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. காகிதம் வேண்டாம், மனக்கணக்காகவே போடலாம். 600 ரூபாய்க்கு வாங்கிய சேலை, 1000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீந்துபோனால் ஆடியில் 300 ரூபாய்க்குத் தள்ளிவிடலாம். அப்படியானால் ஒரு சேலை விற்றால் 400 லாபம், மீந்தால் 300 நஷ்டம். 'இன்னும் ஒன்று கூடுதலாக எடுக்கலாமா?' என்று யோசிக்கும்போது, அந்தக் கடைசிச் சேலை விற்பதற்கு ஏழுக்கு மூன்று வாய்ப்பு இருந்தாலே கை நஷ்டம் இல்லை; மூன்று தடவை விற்று வரும் 1200 லாபமும் நான்கு தடவை மீந்து வரும் 1200 நஷ்டமும் சரிக்குச் சரி. அதற்குமேல் இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

இப்போது பூக்காரம்மாவின் கணக்கைப் பாருங்கள். கிலோ 400 ரூபாய்க்கு எடுத்து, கட்டி, முழம் போட்டு விற்றால் 500 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீந்த பூ மறுநாள் குப்பைக்குத்தான் போகும். 100 ரூபாய் லாபத்துக்காக 400 ரூபாயைப் பணயம் வைக்கிறார். ஐந்துக்கு நான்கு வாய்ப்பாவது இருந்தால்தான் அடுத்த கிலோவில் கை வைக்கலாம். அதனால்தான் பல நாள் ஏழு மணிக்கே அவர் கூடை காலியாகிவிடுகிறது. நாம் எட்டு மணிக்குப் போய், 'இன்னும் கொஞ்சம் எடுத்து வந்திருக்கக் கூடாதா அம்மா' என்று கேட்கிறோம். கூடக் கொஞ்சம் எடுத்து வந்திருந்தால் அது அவருக்கு நஷ்ட வியாபாரம். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது எல்லாக் கடையிலும் குறையாகாது; சில கடைகளில் அதுதான் சரியான கொள்முதலுக்கு அடையாளம்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. மீந்ததைத் தள்ள நல்ல வழி உண்டா என்பதே எவ்வளவு வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. மதுரை, சத்தியமங்கலம் வட்டாரங்களில் மல்லிகை குவிந்து விலை சரியும் நாட்களில் விவசாயிகள் பூவைச் சென்ட் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். கிடைப்பது சொற்பம். ஆனாலும் அந்தச் சொற்பம் இருப்பதால்தான் பறிப்புக் கூலியாவது தேறுகிறது. திருப்பூரில் ஏற்றுமதியில் மீந்த பனியனுக்குக் காதர்பேட்டைச் சந்தை இருக்கிறது. உங்கள் சரக்குக்கு அப்படி ஒரு காதர்பேட்டை எங்கே இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மீந்த பிறகு தேடினால், தேடி வருகிறவர் கேட்பதுதான் விலை.

சரி, வாங்கியாயிற்று. விலையைக் குறைப்பது எப்போது? இங்கேதான் நம் வியாபாரிகளோடு எனக்குத் தீராத வழக்கு.

பழைய ஜவுளிக்கடைகளில் சேலையோடு ஒரு சின்னச் சீட்டு இருக்கும். அதில் ஏதோ எழுத்துகள் இருக்கும். அது அசல் விலை. திரும்ப வராத பத்து எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, முதல் எழுத்துக்கு ஒன்று, இரண்டாவது எழுத்துக்கு இரண்டு என்று குறித்துவிடுவார்கள். முதலாளிக்கும் மூத்த விற்பனையாளர்களுக்கும் மட்டும் தெரியும். நீங்கள் பேரம் பேசும்போது அவர் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, 'கட்டுப்படியாகாதும்மா' என்பார். கெட்டிக்கார ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் அசலை எழுதினார்களே, தேதியை எழுதினார்களா? பெரும்பாலும் இல்லை. இந்தச் சேலை கடைக்கு எப்போது வந்தது என்பதை மடிப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெளியே தெரியும் மடிப்பின் விளிம்பில் விளக்கு வெளிச்சம் பட்டு மெல்லிய வெளுத்த கோடு விழுந்திருக்கும். ஓரத்தில் விரல் பட்ட அழுக்கு ஏறியிருக்கும். அந்தக் கோடு விழுவதற்கு முன்பு விற்றிருக்க வேண்டிய சேலை அது.

ஏன் விற்கவில்லை? அசல் 600, அதற்குக் கீழே கொடுக்க மனம் வரவில்லை. 'நஷ்டத்துக்கு விற்பதா, கிடக்கட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது கிடக்கும்போது வட்டி ஓடுகிறது, இடத்துக்கு வாடகை ஓடுகிறது. அடுத்த டிசைன் வந்து இதன் மதிப்பை இன்னும் கீழே தள்ளுகிறது. ஆயத்த ஆடையாக இருந்தால் இன்னும் மோசம். நடு அளவுகள் எல்லாம் விற்றுப்போய், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் மட்டும் மிஞ்சும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் உடம்புக்குச் சேராத சட்டையை யார் வாங்குவார்? நீங்கள் கொடுத்த 600 ரூபாய் சூரத் வியாபாரியின் கல்லாவுக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. அது திரும்ப வராது. இன்று இந்தச் சேலைக்கு என்ன கிடைக்கும், அடுத்த மாதம் என்ன கிடைக்கும், இந்த இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். விலை குறைக்கும்போது அசலைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். வானொலியில் ஒரு தடவை சொன்னால் காற்றோடு போய்விடும் என்பதால் இன்னொரு தடவையும் சொல்கிறேன்: அசலைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்.

இதை ஒரு மனிதர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஃபைலீன்ஸ் என்று ஒரு பெரிய கடை. அதை நடத்திய எட்வர்டு ஃபைலீன், 1909-இல் கட்டடத்தின் நிலவறையில் தனியாக ஒரு கடை திறந்தார். ஆலைகளிலும் மற்றக் கடைகளிலும் மீந்த சரக்கு, பருவம் தப்பிய சரக்கு எல்லாம் அங்கே வரும். ஒவ்வொரு துணியின் சீட்டிலும் அது விற்பனைக்கு வந்த தேதி இருக்கும். 12 விற்பனை நாட்கள் ஆகியும் போகவில்லையா, விலையில் கால் பங்கு குறையும். 18 நாட்கள் ஆனால் பாதி. 24 நாட்கள் ஆனால் முக்கால் பங்கு குறையும். 30 நாட்கள் ஆகியும் கிடந்தால் அது கடைச் சரக்கே இல்லை, தர்மத்துக்குப் போய்விடும்.

இதன் அழகைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விலையைக் குறைக்கலாமா என்று மேலாளர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதலாளியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடைக்காகக் கொள்முதல் செய்தவர், 'நான் தேர்ந்தெடுத்த சரக்கு, கண்டிப்பாகப் போகும், இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்' என்று வக்காலத்து வாங்க வழியில்லை. முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிட்டது. தேதி பேசும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இன்னும் பெரிய அழகு வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்தது. ஓர் அம்மாள் ஒரு கவுனை எடுத்துப் பார்க்கிறார். கால் பங்கு குறைந்திருக்கிறது. சில நாள் பொறுத்தால் பாதி விலை. பொறுக்கலாமா? அதற்குள் பக்கத்தில் நிற்கும் இன்னோர் அம்மாள் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? கடையில் அந்த மாதிரி, அந்த அளவு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இந்தப் பதற்றமே சரக்கை விற்றுக் கொடுத்தது. சில புத்திசாலிகள் பிடித்த துணியை வேறு பகுதித் துணிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்துவிட்டு, விலை இறங்கும் நாளில் வந்து எடுத்துக்கொள்வார்களாம். கடைசி வரை கிடந்து தர்மத்துக்குப் போனது மிகச் சொற்பம் என்கிறார்கள். பயமுறுத்தலாகச் சொன்ன கடைசிப் படிக்கு அதிகம் வேலை வரவில்லை.

ஃபைலீனைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 1907-இல் அவர் இந்தியாவுக்கு வந்திருந்தார். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இங்கே தோன்றியிருந்த கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கண்டு வியந்தார். அந்தச் சட்டத்துக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று, சென்னை மாகாணத்தில் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய அறிக்கை. ஊருக்குத் திரும்பிய ஃபைலீன் அங்கேயும் கடன் சங்கங்களுக்காக வாதாடினார். அவருடைய மாசசூசெட்ஸ் மாநிலம் 1909-இல் கடன் சங்கச் சட்டம் இயற்றியது. நிலவறைக் கடை திறந்த அதே ஆண்டு. நம்மிடமிருந்து அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டு போனார். அவரிடமிருந்து நாம் இந்தத் தேதிக் கணக்கைக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

'எப்போதும் விலை குறையும் என்று தெரிந்தால் ஜனங்கள் காத்திருக்க மாட்டார்களா?' என்று கேட்பீர்கள். காத்திருப்பார்கள். ஆனி கடைசியில் எந்தக் குடும்பத்தலைவி புடவை எடுக்கிறார்? ஆகவே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, காத்திருப்பவருக்குக் கிடைக்காமல் போகும் அபாயம் உண்மையாக இருக்க வேண்டும். பாஸ்டனில் இருந்தது. நம் ஊரில் சில கடைகள் ஆடிக்கென்றே தனியாகச் சரக்கு வரவழைத்து அடுக்குகின்றன. அது தள்ளுபடியே இல்லை, விலையை ஏற்றி எழுதிச் சிவப்பு மையால் அடிக்கும் வேலை. இரண்டாவது, முதல் குறைப்பு சீக்கிரம் வர வேண்டும். பருவம் இருக்கும்போதே 20 சதவீதம் குறைத்தால் போய்விடும் சேலை, பருவம் கழிந்த பிறகு பாதி விலைக்கும் நகராது.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, தீர்மானத்தை ஒத்திப்போடுவது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மும்முரமாக அச்சு ஓடுகிறது. கடைப் பெயரும் விலாசமும் அப்போது ஏறும். ஜனவரி தாண்டினால் பழங்காகிதமாகிவிடும் பொருளை, விற்றுவிட்டுப் பிறகு தயாரிக்கிறார்கள்! இதற்கு மேல் என்ன பாடம் வேண்டும்?

அப்படி எல்லா ஆர்டரும் முன்கூட்டியே கிடைக்காத தொழிலில்? அமெரிக்காவில் ஆஸ்பென் என்ற மலை ஊரில் ஓபர்மேயர் என்ற கம்பெனி பனிச்சறுக்கு உடைகள் செய்கிறது. குளிர்காலம் ஒன்றுதான் வியாபாரம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். எந்தக் கோட்டு எவ்வளவு விற்கும் என்று குழுவில் எல்லோரும் கூடிப் பேசி ஒரு எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொன்னார்கள். எல்லோருடைய எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக வந்த உடைகளை முதலில் தைத்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்ன உடைகளைத் தள்ளிவைத்து, கடைக்காரர்களின் முதல் ஆர்டர்கள் வந்த பிறகு தைத்தார்கள். கருத்து வேறுபாட்டையே அபாயத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கடையில் நான்கு பேர் இருந்தால் நீங்களும் செய்யலாம். ஒரு நிபந்தனை: முதலாளி தன் எண்ணைக் கடைசியாகத்தான் சொல்ல வேண்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் மற்ற மூவருக்கும் அதே எண்தான் தோன்றும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். கைபேசி வியாபாரத்தைப் பற்றி நிறையக் குறித்து வந்தேன், இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறேன். 2007 ஜூன் கடைசியில் 599 டாலருக்கு வந்த முதல் ஐபோன், செப்டம்பர் தொடக்கத்திலேயே 399 டாலர் ஆனது. முந்திக்கொண்டு வாங்கியவர்கள் கொதித்தெழ, அவர்கள் கம்பெனிக் கடையிலேயே பொருள் வாங்கிக்கொள்ள 100 டாலர் வரவு வைக்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளருக்காவது அது கிடைத்தது. கைபேசிக் கடை வைத்திருக்கும் தம்பிமார்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும் முன், 'கம்பெனி விலையைக் குறைத்தால் என் கையிருப்புக்கு வித்தியாசத்தைத் தருவீர்களா, எத்தனை நாள் வரை தருவீர்கள்?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பெட்டிக் கணக்கில் எடுக்காமல் இரண்டு மூன்றாக எடுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.